சுந்தரம்மாள் பொறுக்கிய கல்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்கிப் பிழைத்த பெண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை பேரிலும் சுந்தரம்மாளின் கைக்கு ஈடு கிடையாது. இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. காய் மூட்டைகளை அடுக்குகிற கிட்டங்கியின் முதலாளி தானியேலே சொல்வார், அவள் காதில் விழாதபடி பார்த்துக்கொண்டு சொல்வார். மலையிலிருந்து இறங்கிய காயை அவள் சொளகு முறத்தில் கொட்டினால் போதும். வாய் பக்கத்தில் இருக்கிறவளோடு வம்பளந்துகொண்டிருக்கும், விரல் பாட்டுக்குத் தன் சோலியைப் பார்க்கும். சொத்தைக்காய், பிளந்த காய், வெளுத்த காய் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கும், பச்சைப்பசேல் என்று திரண்ட காய் ஒரு பக்கம் குவியும்.

வெளியூர் யாவாரிக்கு மாதிரி அனுப்புகிற வேலையைத் தானியேல் அவளைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். மூட்டையிலிருந்து இரண்டு படி அள்ளி, ஒரு சொத்தைகூட இல்லாமல் பொறுக்கி, துணிப்பையில் கட்டி, தோட்டக்காரர் பேரை எழுதித் தைத்து அனுப்ப வேண்டும். இதில் களவு எதுவும் இல்லை. மாதிரி என்றால் பொறுக்கினதுதான் என்று விற்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். அதற்குத் தக்கபடி அவன் விலையைக் குறைத்துத்தான் கேட்பான். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பிள்ளையை அழுக்குச் சேலையோடு கொண்டுவந்து நிறுத்துவோமா? அப்படித்தான்.

அவளுக்கும் புருசன் மலைச்சாமிக்கும் சிலமலை கிராமத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், ஒன்றரை ஏக்கர் இருந்தது. வெறும் கல்லுக்காடு. அதில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றை அவர்கள் வெட்டிய கதையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். மூன்று கோடை. அவன் உள்ளே கடப்பாரையும் கையுமாகக் கிடப்பான், கிட்டங்கியிலிருந்து வந்த கையோடு அவள் கூடையில் கல்லையும் மண்ணையும் சுமந்து மேலே கொட்டுவாள். நடுவில் வயிற்றில் இருந்த பிள்ளை ஒன்று கலைந்துபோனது. முப்பத்தைந்து அடியில் பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டபோது இரண்டு பேரும் அதிலேயே உட்கார்ந்து அழுதார்கள். அதன் பிறகு சித்திரையில்கூட அந்தக் கிணறு வற்றியதில்லை. மிளகாய் போட்டார்கள், கத்தரி போட்டார்கள். இத்தனைக்கும் முன்னால் அவர்கள் அடுத்தவன் காட்டு வரப்பில் கூலிக்குக் காத்து நின்றவர்கள். கிணறு போனால் மறுபடி அந்த வரப்புதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, தை மாதம். சிலமலையில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. அதிலிருந்து யோசேப்பு என்று ஒரு சின்ன வயதுக்காரர் இறங்கினார். நாசரேத்துப் பக்கத்துக்காரர், கல்லைப் பற்றியே காலேஜில் படித்தவராம். மதராசுக் கம்பெனி ஒன்று அவரைப் பென்சில் கல் தேட அனுப்பியிருந்தது. பென்சிலுக்குள் கறுப்பாக ஒன்று இருக்கிறதே, தட்டார் பொன்னுருக்குகிற மூசையில் கலக்கிறார்களே, அந்தக் கரி. தொட்டால் மினுமினுவென்று கையில் ஒட்டும்.

மனுசன் தேடிய விதத்தைப் பார்த்து ஊரே மூக்கில் விரலை வைத்தது. கழுத்தில் பூதக்கண்ணாடி, இடுப்பில் சுத்தியல். ஓடையில் கிடக்கிற கல்லை எல்லாம் உடைத்து மோந்து பார்க்காத குறை. கறுப்புக் கல் அகப்பட்டதும் ஓடையோடு மேலே ஏறினார். எங்கே கறுப்புக் கல் கிடப்பது நின்றுபோனதோ அங்கே அவரும் நின்றார். "உதிரிக்கல்லு தண்ணியோட கீழேதான் உருளும். அது அத்துப்போற இடத்துக்குப் பக்கத்துலதான் தாய்ப்பாறை இருக்கும்" என்று மலைச்சாமியிடம் சொன்னார். சொன்னபடியே இருந்தது. சுந்தரம்மாள் காடு, பக்கத்து ராக்கையா காடு, இன்னும் மூன்று பேர் காடு, ஐந்தையும் ஊடறுத்துக்கொண்டு தரைக்குள் ஒரு கறுப்புப் பட்டை ஓடியது.

ஒவ்வொரு காட்டிலும் பட்டைக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டு வாய்க்கால் மாதிரி தோண்டச் சொன்னார். யார் காடோ அந்த வீட்டு ஆட்களுக்கே கூலி. முதலில் ராக்கையா காட்டில் தானே இறங்கி வேலையைச் செய்து காட்டினார். பாறையில் ஒரே அகலம், ஒரே ஆழத்துக்கு ஒரு காடி வெட்ட வேண்டும். விழுகிற சில்லு முழுவதையும் தார்ப்பாயில் பிடிக்க வேண்டும். புளியங்கொட்டை அளவுக்கு உடைத்துக் குவித்து, தட்டி, தோசையை வெட்டுகிற மாதிரி நாலு கூறு போட வேண்டும். எதிரெதிர்க் கூறு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்ச இரண்டில் ஒன்றைச் சோதனைக்கூடத்துக்கும் ஒன்றை அவர் தங்கியிருந்த கூடாரத்துக்கும் பைகட்ட வேண்டும். மலைச்சாமி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். சுந்தரம்மாள் அன்றைக்குக் கிட்டங்கியில் இருந்தாள்.

அவர்கள் காட்டு முறை வந்தபோது யோசேப்பு காய்ச்சலில் படுத்துவிட்டார். "மலைச்சாமி அண்ணே, நீங்கதான் பாத்தீங்கள்ல, அதே மாதிரி செஞ்சு பையைக் கட்டிருங்க" என்று கூடாரத்துக்குள்ளிருந்தே சொல்லி அனுப்பினார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற மனுசன் மலைச்சாமி. சரிங்கய்யா என்றான்.

புருசன் உடைத்துக் குவித்ததைச் சுந்தரம்மாள் குனிந்து பார்த்தாள். முகம் சுளித்துப்போனது.

"ஐயய்யே! என்னய்யா இது, பாதிக்குப் பாதி வெள்ளைக்கல்லும் மண்ணுமாக் கெடக்கு?"

"அப்படித்தான் புள்ள கட்டணும். ராக்கையா காட்டுல அவரு அள்ளினபடியே கட்டினாரு."

"அவரு ஆம்பளை. அவருக்குப் பொறுக்கத் தெரியுமா? பையில யாரு பேரு எழுதுறீங்க?"

"பட்டா ஓம்பேருலதானே இருக்கு. ஓம்பேருதான்."

"எம்பேரை எழுதி இந்தக் குப்பையையா மதராசுக்கு அனுப்புறது? நாளைக்கு நான் தானியேல் மொதலாளி மூஞ்சியில முழிக்கவா வேண்டாமா? தள்ளுங்க அங்கிட்டு!"

வீட்டிலிருந்து சொளகைக் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக்கல் ஒன்று பாக்கியில்லை. பழுப்புக் கல் ஒன்று பாக்கியில்லை. மண்ணைப் புடைத்து எடுத்தாள். பை நிறையவில்லை என்று புருசனை இன்னும் இரண்டு குவியல் உடைக்கவைத்து அதிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தாள். தேறியதைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டு, கறுகறுவென்று மின்னுகிற கல்லாக இரண்டு பை கட்டினாள். யோசேப்பு காய்ச்சல் தெளிந்து எழுந்தபோது சோதனைக்கூடத்துப் பை முத்திரை போட்டு லாரியேறிவிட்டது. கூடாரத்துப் பை பெட்டிக்குள் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்துச் சோதனைக்கூடத்திலிருந்து காகிதம் வந்தது. மற்ற நாலு காட்டிலும் நூற்றுக்கு நாலு பங்கு கரி. சுந்தரம்மாள் காட்டில் மட்டும் பத்தொன்பது!

அடேயப்பா, ஊர் என்ன பேச்சுப் பேசியது! ராக்கையா வயிற்றெரிச்சலில் மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. சுந்தரம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் காட்டுக் கல் முதல் ரகம் என்று கிட்டங்கியில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. குழி தோண்டச் சம்மதம் கேட்டுக் கம்பெனிக்காரர்கள் காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தன் விரலை மையில் முக்கி அழுத்திக் கொடுத்தாள்.

"கிணத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"அறுபது அடி தள்ளித்தானே குழி போடுறோம். ஒண்ணும் ஆகாதுக்கா" என்றார் யோசேப்பு. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் காட்டில் மட்டும் குழி இறங்கியது. மலைச்சாமியும் அதில் கூலிக்கு இறங்கினான். தினமும் மத்தியானம் வெடி. நாற்பத்தைந்து அடியில் ஒருநாள் வெடி போட்டுப் புகை அடங்கியதும் உள்ளே சலசலவென்று சத்தம். குழிக்குள் இடுப்பளவு தண்ணீர். கம்பெனிக்காரர்கள் அசரவில்லை. போடியிலிருந்து ஆயில் எஞ்சின் பம்பு வந்தது, இராப்பகலாக இறைத்து ஓடையில் விட்டார்கள்.

நாலாம் நாள் காலை. மிளகாய் பூ விட்டிருந்த சமயம். மலைச்சாமி கமலையில் மாட்டைப் பூட்டி, தண்ணீர் இறைக்கிற இரும்புச் சாலைக் கிணற்றுக்குள் இறக்கினான். தண்ணீரில் விழுகிற சத்தம் வரவேண்டிய நேரத்தில் ணங்கென்று ஒரு சத்தம் வந்தது. வாய்க்காலில் மடை திறக்க நின்ற சுந்தரம்மாள் ஓடிவந்து எட்டிப்பார்த்தாள்.

கிணற்றில் தண்ணீர் இல்லை.

குறைந்திருக்கிறது, கலங்கியிருக்கிறது என்பதில்லை. இல்லை. மூன்று வருசத்துக்கு முன் கடைசியாகக் கண்ணால் பார்த்த அடிப்பாறை ஈரம் மின்ன அப்படியே தெரிந்தது. மலைச்சாமியின் கடப்பாரைத் தடங்கள்கூடத் தெரிந்தன. கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி மடங்கி உட்கார்ந்தாள். மாடு ஒன்றும் புரியாமல் பின்னால் நடந்தது.

யோசேப்பு ஓடிவந்தார். உள்ளே பார்த்தார், குழிப்பக்கம் திரும்பிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அக்கா, ரெண்டுக்கும் தண்ணி ஒரே பாறை வெடிப்புலதான் வருது. நான் இதை யோசிச்சிருக்கணும். மன்னிச்சிருங்க. நாங்க அங்க இறைக்கிற வரைக்கும் இங்க தண்ணி நிக்காது."

"இறைக்கிறதை நிறுத்தினா?"

"ரெண்டு மூணு நாள்ல பழையபடி ஏறிரும்."

"எப்ப சார் நிறுத்துவீங்க?"

"கல்லு தீர்ற வரைக்கும் இறைப்பாங்கக்கா. பத்து வருசமோ, இருபது வருசமோ."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னார். "அந்தக் கல்லுலயும் ஒண்ணு எனக்கு மட்டுப்படல. நாற்பத்தைந்து அடி போயாச்சு, எல்லாம் ராக்கையா காட்டுக் கல்லு மாதிரிதான் இருக்கு. பத்தொன்பது எங்கேயிருந்து வந்துச்சுன்னே தெரியல."

கூடாரத்திலிருந்து அந்த இரண்டாவது பையைக் கொண்டுவந்து, முத்திரையை உடைத்துத் தார்ப்பாயில் கொட்டினார். கறுகறுவென்று மின்னியது. குழியிலிருந்து அள்ளிய கல் பக்கத்தில் வெளுத்துக் கிடந்தது. அத்தனை துக்கத்திலும் சுந்தரம்மாளுக்குத் தன் கைவேலையைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதுல ஒரு வெள்ளைக்கல்லைக் காட்டுங்க பாப்போம். அம்புட்டையும் பொறுக்கி, அலசி, காயவச்சுல்ல கட்டினேன்."

யோசேப்பு நிமிர்ந்தார்.

"பொறுக்கினீங்களா?"

"பின்னே? மாதிரின்னா பொறுக்கித்தானே அனுப்பணும்? போடியில யாரும் பொறுக்காம அனுப்புவாகளா?"

"ஐயோ, அக்கா! இது ஏலக்கா இல்லக்கா! நல்லது கெட்டது ரெண்டும் பூமிக்குள்ள எப்படிக் கலந்து கெடக்கோ அப்படியே போகணும். அப்பத்தானே தோண்டலாமா வேண்டாமான்னு தெரியும். நாலு பங்கு இருக்கிற காட்டுல யாரும் குழி போடமாட்டாங்க. உங்க பையைப் பாத்துட்டுத்தான் இங்க போட்டாங்க!"

தன் கிணற்றைத் தானே, தன் பத்து விரலாலேயே, ஆற அமர உட்கார்ந்து வற்ற வைத்திருக்கிறோம் என்பது சுந்தரம்மாளுக்குள் மெல்ல மெல்ல இறங்கியது. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். யாரையாவது திட்டலாம் என்றால் திட்ட ஆள் இல்லை. புருசன் வேண்டாம் என்றுதான் சொன்னான்.

ஆனால் அவள் சும்மா அழுதுகொண்டிருக்கிற பிறவி இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "சார், அப்ப இந்தக் கல்லு மட்டக் கல்லுன்னு தெரிஞ்சா குழியை மூடிட்டுப் போயிருவாங்கள்ல?"

"போயிருவாங்க. ஆனா முதலாளிகிட்ட இதை யாரு சொல்றது? சொன்னா என் வேலை அன்னைக்கே போயிரும்."

"நான் சொல்றேன். தப்புப் பண்ணினவ நான்."

கம்பெனி முதலாளி மதராசிலிருந்து அந்த வியாழக்கிழமையே ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை, தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி. சுந்தரம்மாள் நேரே போய் நின்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். போடியில் கைசுத்தத்துக்குப் பேர்போனவள், தான் அனுப்பியது பொய்யான மாதிரி என்று பத்துப்பேர் முன்னால் தன் வாயாலேயே சொன்னாள். நாக்கு கூசியது. கிணற்றை நினைத்துக்கொண்டு சொல்லி முடித்தாள்.

முதலாளி நம்பவில்லை. "கிணத்துல தண்ணி போயிடுச்சுன்னு இப்படி ஒரு கதையா? கையால பொறுக்கினா நாலு பத்தொன்பது ஆகுமா? யார்கிட்டம்மா காது குத்துறே?"

"குழிக் கல்லைக் கொட்டச் சொல்லுங்கய்யா. உங்க கண்ணு முன்னாலயே பொறுக்கிக் காட்டுறேன். ஆகலைன்னா என்னைச் செருப்பால அடிங்க."

கொட்டினார்கள். புளியங்கொட்டை அளவுக்கு உடைத்த கல், இரண்டு சம குவியல். ஒன்றை யோசேப்பு முறைப்படி கூறு போட்டுக் கட்டினார். இன்னொன்றின் முன்னால் சுந்தரம்மாள் சொளகோடு உட்கார்ந்தாள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அவள் வாழ்நாளில் அப்படிப் பொறுக்கியதில்லை. ஒவ்வொரு கல்லும் கிணற்றுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் என்று நினைத்தாளோ என்னவோ, விரல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடின. வெள்ளை அந்தப் பக்கம் தெறித்தது, கறுப்பு இந்தப் பக்கம் குவிந்தது. முதலாளி குனிந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னும் குனிந்தார். ஒரு மூட்டைக் கல்லை அரை மணி நேரத்தில் தீர்த்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் கரி, வேர்வை.

"இப்பப் பாருங்கய்யா."

கறுப்புக் குவியலை அவர் கையில் அள்ளி நசுக்கினார். பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். யோசேப்பு கட்டிய பையையும் பார்த்தார். நம்பிவிட்டார் என்று சுந்தரம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

"யோசேப்பு, நாலு பங்குக் கல்லை மிஷின் இல்லாம இருபது பங்கு ஆக்க முடியுமான்னு ரெண்டு வருஷமா நான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் முதலாளி. "மிஷின் விலைக்குப் பயந்துதான் இந்த மாதிரி கல்லை எல்லாம் வேண்டாம்னு விட்டுட்டு வந்தோம். இந்த அம்மா சொளகை வச்சே பண்ணிட்டாளேய்யா!"

யோசேப்பின் முகம் சுருங்கிப்போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. சுந்தரம்மாளுக்கு இன்னும் புரியவில்லை.

"அப்ப பம்பை நிறுத்திருவீங்களாய்யா?" என்றாள்.

"நிறுத்துறதா?" முதலாளி சிரித்தார். அதில் கெட்ட எண்ணம்கூட இல்லை. பெரிய சந்தோசத்தில் சிரிக்கிற மனுசனின் சிரிப்பு. "இன்னொரு பம்பு கொண்டாரச் சொல்றேன். உன் காடு மட்டும் இல்லம்மா, அஞ்சு காட்டுலயும் குழி போடலாம். ஏம்மா, உன்னை மாதிரி கை போடியில எத்தனை இருக்கும்?"

அப்போதுதான் சுந்தரம்மாளுக்குப் புரிந்தது. கிணற்றை மீட்கப் பொறுக்கினோமா, புதைக்கப் பொறுக்கினோமா? ஒருத்தியும் இல்லை, எனக்கு மட்டும்தான் இது தெரியும், மற்றவளுக்கெல்லாம் கண் தெரியாது என்று சொல்லவேண்டும், உடனே சொல்லவேண்டும். உதடு அசையமாட்டேன் என்றது.

மலைச்சாமி பக்கத்தில் நின்றிருந்தான். பெண்டாட்டியின் கையை இவ்வளவு பெரிய மனுசர் மெச்சுகிறாரே என்று பூரித்துப்போய் நின்றிருந்தான். முதலாளி கேட்டு யாரும் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று அவனுக்குப் பட்டது.

"நெறைய இருக்காகங்கய்யா" என்றான். "எழுதிக்கோங்க. வேலுத்தாய், ஆயம்மாள், மேலத்தெரு பெரியம்மாள்..."

சுந்தரம்மாள் அவன் வாயைப் பொத்த எழுந்து ஓடினாள். முதலாளி அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.